ஜெனரல் தேடச் சொன்ன ஆள்

முப்பத்திரண்டு மார்க் போட்டதற்காக என்னை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் ஜனாதிபதி மாளிகைக்குப் போனேன். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. அங்கே பெண்கள் பள்ளியில் ஏழு வருஷமாகக் கணக்கு டீச்சர். நாட்டின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இன்னும் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஜனாதிபதியின் கடைசி மகள் என் வகுப்பில் இருந்தாள். நல்ல பெண், பாட்டு வரும், அல்ஜீப்ரா வராது.

அவரை அந்த நாட்டில் யாரும் ஜனாதிபதி என்று சொல்வதில்லை, ஜெனரல் என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில் பக்கத்து நாட்டோடு நடந்த போரில் படையோடு ஆற்றைக் கடந்து தலைநகரத்தைக் காப்பாற்றியவர். அவர் ஆற்றைக் கடந்த கதை எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படத்தோடு ஒரு முழுப் பாடம். தபால்தலையிலும் அவர்தான். அப்படிப்பட்டவர் வராந்தாவில் ஒரு கிண்ணம் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்திரண்டு போட்ட டீச்சர் நீங்கள்தானே?"

"ஆமாம் சார்."

"மற்ற எல்லாப் பாடத்திலும் அவளுக்கு எண்பதுக்கு மேல். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். லீவுக்கு மெட்ராஸ் போகிறீர்களாம். எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும்."

அப்புறம் சொன்னார். இளைஞனாக இருந்தபோது, அறுபதுகளில், எட்டு மாதம் ஆவடியில் ராணுவப் பயிற்சியில் இருந்தாராம். ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஜீப் ஓட்டிக்கொண்டு பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போய்த் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் அவர் நாட்டுக்காரரான மூத்த அதிகாரி ஒருவர். முன்னால் போன சைக்கிள்காரனை ஜீப் தட்டிவிட்டது.

"சாலை முழுக்கக் கத்திரிக்காய்" என்றார் ஜெனரல். "இறங்கிப் பார்த்தேன். 'வண்டியை எடு, இது நம் நாடில்லை' என்றார் அதிகாரி. எடுத்தேன். ஒரு வாரத்தில் விமானம். அந்த ஆள் பிழைத்தானா, செத்தானா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போலீஸ் வேண்டாம், அரசாங்கம் வேண்டாம். நீங்களே போய்ப் பாருங்கள்."

பெயர் தெரியுமா என்றேன். தெரியாது. முகம்? இருட்டத் தொடங்கிய நேரம். அடையாளம்? சாலையோரம் ஏதோ ஒரு சர்ச். அப்புறம் "கத்திரிக்காய்" என்றார் மறுபடியும். மகளின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படித்தான், பிறந்த நாகர்கோவிலுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டிய லீவில், எனக்கு முன்பின் தெரியாத அம்பத்தூரில் வந்து இறங்கினேன்.

அம்பத்தூரில் என் சித்தப்பா மகன் ஸ்டீபன் இருந்தான். பக்கத்து ஊரான பாடியில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் வேலை. அவன் மனைவி வசந்தா அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மே மாதம். நான் வேலை பார்க்கும் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், அதனால் எனக்கு வெயில் பழக்கம் என்று விமானத்தில் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மத்தியானம் ஆனால் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும். அம்பத்தூரில் வெயிலைக் கேட்க ஆளே இல்லை. தரையில் கால் வைத்தால் தோசை மாதிரி திருப்பிப் போட வேண்டியிருந்தது.

முதல் நாள் காலை வசந்தா இட்லியோடு ஏதோ மஞ்சளாக, கெட்டியாக ஒன்றைப் போட்டாள். வடை மாதிரியும் இருந்தது, குழம்பு மாதிரியும் இருந்தது. வடகறியாம். நாங்கள் தெற்கே சாம்பார், சட்னியோடு திருப்தியாகிவிடுகிறவர்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்து, மசாலாவில் போட்டு, அதை இட்லிக்குத் தொட்டுக்கொள்வது என்பது யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்கும் தபால்தலை போடலாம். ஆறு இட்லி சாப்பிட்டேன். ஏழு வருஷமாக மரவள்ளிக் கிழங்கு மாவுக் களி தின்ற வயிறு.

"ஜனாதிபதி சொன்ன வேலையா!" என்று வசந்தா வாயில் கை வைத்தாள். "அண்ணி, எங்க தெரு முனையில ஒரு பையனைத் தேடி ஆறு மாசமா போலீஸ் அலையுது, கிடைக்கல. நீங்க பேரே தெரியாத ஆளை எப்படித் தேடுவீங்க?"

"கத்திரிக்காய் கொண்டுபோன ஆள்."

"பூந்தமல்லி பக்கம் கத்திரிக்காய் கொண்டுபோகாத ஆள் யாரு?" என்றாள்.

இரண்டாம் நாள் மின்சார ரயில் ஏறி ஆவடிக்குப் போனேன். ராணுவத்தில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள், அங்கே ஒரு காகிதம் இருக்கும் என்பது என் கணக்கு. வாசலில் நின்ற காவல்காரர் வடக்கத்திக்காரர். நான் ஆங்கிலத்தில் சொன்னதை இந்தியில் மறுத்தார். நான் தமிழில் சொன்னேன். அதையும் இந்தியில் மறுத்தார். பிறகு உள்ளேயிருந்து வேலூர்க்காரர் ஒருவர் வந்தார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஆக்ஸிடெண்டாம்மா?" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போன வாரம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. வெயில்ல நிக்காதீங்க, போங்க."

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர் கரும்புச்சாறு குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய வரவு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் பூந்தமல்லி கிளம்பினேன். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். பூந்தமல்லி என்று போட்ட பஸ் ஒன்றுகூட வரவில்லை. மற்ற பஸ்ஸெல்லாம் பூவிருந்தவல்லி என்ற ஏதோ ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் பக்கத்தில் இளநீர் விற்றவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"எங்க போணும்மா உனக்கு? மூணு வண்டி வுட்டுட்ட."

"பூந்தமல்லி."

"அப்ப இன்னாத்துக்கு வுட்ட? அல்லாம் பூந்தமல்லி வண்டிதான்."

"பூவிருந்தவல்லின்னு போட்டிருக்கே?"

"அது போர்டுல. வாயில பூந்தமல்லி" என்றார். கணக்கு டீச்சருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

நாலாவதாக வந்த வண்டியில் ஏறினேன். மதுரவாயல் தாண்டி வானகரம் பக்கத்தில் அது பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து ஆவி. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். ஆப்பிரிக்காவில் மழைக்காலம் முழுக்க எனக்கு அதே வேலைதான், கை தானாகப் போய்விட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "நீ குந்தும்மா" என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. வண்டி கிளம்பியதும் ஒரு பெரியவர் தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். கை கொடுத்து மரியாதை வாங்கிய ஒரே பஸ் பயணம் அதுதான்.

பூந்தமல்லியில் இறங்கி நசரத்பேட்டை வரை போய், சாலையோரம் தெரிந்த முதல் சர்ச்சில் நுழைந்தேன். ஜெனரலும் ஒரு சர்ச்சைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கோயில்பிள்ளை, அதாவது அங்கே மணி அடித்துப் பெருக்கி வைக்கிறவர், யோசித்துவிட்டு ஒரு ஆளைச் சொன்னார். அந்த ஆள் பெயர் மோசஸ், சாலையில் அடிபட்டவர், வீடு பக்கம்தான்.

மோசஸுக்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"உங்களை ஜீப் தட்டியதா?"

"ஜீப்பா?" என்று ஒரு கணம் பார்த்தார். "ஆமாம்மா, ஜீப்புதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "லாரின்னு சொன்னியே" என்றாள்.

"சும்மா இரு. ஜீப்புதான்."

"கையில் என்ன கொண்டுபோனீர்கள்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "நீ இன்னா எழுதிக்கினு வந்துருக்கியோ, அதான்."

காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். ஒரு மனிதன் தன் மேல் எந்த வண்டி ஏறியது என்பதைக்கூட அடுத்தவர் சௌகரியத்துக்கு விட்டுக்கொடுப்பான் என்று எனக்கு அன்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம் என்று சொன்னேன். ஸ்டீபன்தான், "நாளைக்கு ஞாயிறு அக்கா, என் ஸ்கூட்டர்ல ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றி வசந்தா முன்பே எச்சரித்திருந்தாள். சென்னீர்குப்பம் வரை அது ஒழுங்காகப் போனது. அங்கே இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஸ்டீபன் உதைத்தான், சாய்த்தான், திட்டினான். பிறகு தள்ளிக்கொண்டு போனோம். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருந்த ஒரு மெக்கானிக் கடை கிடைத்தது. கடைக்காரர் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே, எங்கே போகிறோம் என்று கேட்டார். நான் சோர்ந்து போயிருந்ததால் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன், ஜனாதிபதியை மட்டும் விட்டுவிட்டு.

"ஜீப்பு ஏழுமலையா?" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"யாரு?"

"எங்க பக்கத்துல நாலு ஏழுமலை கீறாங்க. கொத்தனார் ஏழுமலை, குள்ள ஏழுமலை, டீச்சர் ஊட்டு ஏழுமலை, ஜீப்பு ஏழுமலை. மிலிட்டிரி ஜீப்பு காலு மேல ஏறிச்சு. கத்திரிக்கா வெக்கிற ஆளுதான். பூந்தமல்லி தாண்டி நேரா போய்க்கினே இருங்க, ஏரிக்கரை வரும், சோத்தாங்கை பக்கம் திரும்புங்க."

சோத்தாங்கை என்றால் வலது கை என்று ஸ்டீபன் சொன்னான்.  ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் இங்க வந்து என்னாண்ட வம்பு வளத்துட்டுப் போனான்" என்றார் மெக்கானிக்.

ஏரிக்கரையில் கத்திரித் தோட்டம். அதன் ஓரத்தில் ஓட்டு வீடு. வாசலில் வேப்பமரத்தடிக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒல்லி, சிரித்த முகம். வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து, இடது காலைவிட நாலு விரற்கடை குட்டையாக இருந்தது. பக்கத்தில் ஊன்றுகோல்.

யார் என்ன என்று சொன்னேன். ஆப்பிரிக்கா என்றேன், ஜெனரல் என்றேன், ஜனாதிபதி என்றேன். அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கன்னீம்மா! யேய் கன்னீம்மா! வந்து பாரு. நம்பள இடிச்சானே, அந்தக் கறுப்புத் தம்பி, ராஜாவாயிட்டானாம்! வண்டி ஓட்டவே தெரியாதேடி அவனுக்கு, நாட்ட எப்படி ஓட்றான்?"

உள்ளேயிருந்து கன்னியம்மா வந்தார். கணவரைவிட உயரம். கையில் அரிவாள்மணை. சிரிக்கவில்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"நானு சாயங்காலம் கத்திரிக்கா பறிச்சு, கூடைய சைக்கிள்ல கட்டிகினு பூந்தமல்லி மண்டிக்குப் போய்க்கினு இருந்தேன்" என்று ஏழுமலை ஆரம்பித்தார். "போசொல்லோ பின்னாடி வந்து ஒரே இடி." போசொல்லோ என்றால் போகும்போது என்று ஸ்டீபன் என் காதில் சொன்னான். "கண்ணத் தொறந்து பாத்தா, என் தலை ஒருத்தன் மடில கீது. சின்னப் பையன் அவன். அழுவுறான். பாட்டில்ல இருந்து தண்ணி குட்த்தான். இன்னொருத்தன் வண்டியில இருந்து கத்திகினே இருக்கான். இவன் என் தலைய மெதுவா கீழ வெச்சான். தன் தொப்பியக் கழட்டித் தலைக்கி அடியில வெச்சுட்டுப் பூட்டான்."

"பூட்டான்" என்றார் கன்னியம்மா.

"அவன் இன்னா பண்ணுவான்? மேலதிகாரி கூப்ட்றான்."

"பூட்டான் இல்ல? அத்தச் சொல்லு."

 கோழி ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்க் கொக்கரித்தது. பிறகு கன்னியம்மாவே சொன்னார். அப்போது அவர் ஏழு மாத கர்ப்பிணி. மாட்டுவண்டிக்காரர் ஒருவர்தான் ஏழுமலையைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆறு மாதம் படுக்கை. கால் ஒட்டியது, நேராக ஒட்டவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது, பறித்தது, தலையில் சுமந்து பூந்தமல்லிக்கு நடந்தது எல்லாம் கன்னியம்மா. பிரசவம் ஆன இருபதாம் நாள், பிறந்த பெண் குழந்தையைக் கத்திரிக்காய்க்கு மேலே துணி விரித்துப் படுக்க வைத்துக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனாராம். அந்தப் பெண் இப்போது அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"சாப்புட்டுப் போங்க" என்றார், வேறு பேச்சே இல்லாமல். உட்கார்ந்தோம். கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. நாங்கள் கடற்கரைப் பக்கம், கருவாட்டில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கத்திரிக்காய் வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. ஸ்டீபன் மூன்றாம் தடவை சோறு கேட்டான். ஏழுமலைக்கு ஒரே சந்தோஷம்.

சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்டேன்: "நான் திரும்பிப் போனதும் அவரிடம் என்ன சொல்லட்டும்?"

அங்கேதான் சண்டை வந்தது.

"நல்லாக்கீறேன்னு சொல்லு டீச்சரம்மா" என்றார் ஏழுமலை. "காயம் ஆறிப்போச்சு, ஒண்ணும் ஆவல, ஓடியாட்றான்னு சொல்லு. பெரிய மனுசன். மனசு ஒடஞ்சிடும்."

"காலு?" என்றார் கன்னியம்மா.

"காலப் பத்தி இன்னாத்துக்குச் சொல்லணும்?"

"காலு இப்படித்தான கீது? இப்படித்தான் சொல்லணும்."

"தேடி ஆள் அனுப்பிச்சுகீறான்டி, அந்த ராஜா. அத்தப் பாரு நீ."

"பாத்தேன். இப்ப அனுப்புனான். அப்ப?" கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, ஆறு மாசம் இந்த வாசலப் பாத்துகினு இருந்தேன். யாருனா வருவாங்க, அந்தப் பையன் ஒரு கடுதாசியாச்சும் போடுவான்னு. வரல. நான் அவன வையல. சாபம் வுடல. ஆனா வரல. இத்த நீ அவன்கிட்ட சொல்லணும்."

"அவர் ஜனாதிபதிம்மா" என்று ஸ்டீபன் மெதுவாகச் சொன்னான்.

"நாட்ட ஆள்றவனுக்கு ஒரு நெசம் தாங்காதா?" என்றார் கன்னியம்மா.

ஏழுமலை சாக்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊசியைத் தேடினார். ஊசி சாக்கிலேயே இருந்தது. கடைசியில், "அவ சொன்னத சொல்லு" என்றார். "ஆனா தண்ணி குட்த்ததையும் சொல்லு."

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டர் ஒருதடவைகூட நிற்கவில்லை. நிற்காதா என்று இருந்தது எனக்கு. அந்த அம்மா சொல்லச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு மாளிகைக்குள் போவது?

லீவு முடிந்து அங்கே போனதும் முதலில் எங்கள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அந்த ஊர்க்காரர், விவரமானவர். அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரூபி, மூன்றே சொல் போதும். 'அவர் நலமாக இருக்கிறார்.' பொய்யும் இல்லை. போன வருஷம் ஜெனரலிடம் வடக்கே பஞ்சம் என்று சொன்ன மந்திரி இப்போது வடக்கேதான் இருக்கிறார், ஆடு மேய்த்துக்கொண்டு. உனக்கு இன்னும் இரண்டு வருஷம் காண்ட்ராக்ட் இருக்கிறது."

ராத்திரி தூங்கினேனா இல்லையா என்று இப்போது ஞாபகமில்லை. காலையில் வராந்தாவில் ஜெனரல் உட்கார்ந்திருந்தார். வாசல்வரை கொண்டுவிட்ட அதிகாரியைப் போகச் சொன்னார். வழியெல்லாம் 'நலமாக இருக்கிறார்' என்பதைத்தான் நான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்ததும் கன்னியம்மா தூணில் சாய்ந்து நிற்பதுதான் கண்ணில் வந்தது.

"உயிரோடு இருக்கிறார்" என்றேன். "பெயர் ஏழுமலை. வலது கால் போய்விட்டது. கால் இருக்கிறது, ஆனால் ஊன்ற முடியாது."

 நான் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மிச்சம் வராது என்று எனக்குத் தெரியும். ஆறு மாதப் படுக்கை, கர்ப்பிணி மனைவி, கூடையில் குழந்தை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, வராத கடுதாசி. நாட்டை ஆள்கிறவருக்கு ஒரு நிஜம் தாங்காதா என்று கேட்டதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். 

 ஜெனரல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு முன்னால் இரண்டு பேரை அனுப்பினேன், மேடம். ஒருவர் வந்து, ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், கோபால் என்று பெயர், நலமாக இருக்கிறார், உங்களை ஆசீர்வதித்தார் என்றார். அடுத்தவரும் கண்டுபிடித்தார். அவருக்கு ஜார்ஜ் என்று பெயர். அவரும் நலம், அவரும் ஆசீர்வதித்தார். காலைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் காலை நான் பார்த்தேன். யாரும் நலமாக இருந்திருக்க முடியாது."

 ஏழுமலை சொல்லச் சொன்னது பாக்கி இருந்தது.

"நீங்கள் அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தீர்களாம். தொப்பியைத் தலைக்கு அடியில் வைத்தீர்களாம். அதையும் சொல்லச் சொன்னார்."

அவர் வெகுநேரம் யோசித்தார்.

"எனக்கு நினைவில்லை" என்றார். "வண்டியை எடுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது."

பிறகு அந்த அம்மாவின் பெயரைக் கேட்டார். கன்னியம்மா. அவர் வாயில் அது நுழையவில்லை. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளைத் திருத்துகிற மாதிரி நான் திருத்தினேன். போரில் ஜெயித்த மனிதர், ஒரு நகரமே கேட்கப் பேசியிருப்பார். அன்று ஒரு பெயரைச் சரியாகச் சொல்ல அப்படிப் பாடுபட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். டைப் அடித்ததில்லை, அவர் கையெழுத்து. ஒரே பக்கம். காரணம் எதுவும் சொல்லவில்லை, மூத்த அதிகாரியைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நான் போனேன். நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. மன்னிக்க வேண்டும்' என்பதுதான் சாரம். கன்னியம்மாவின் பெயரை முதலிலும் ஏழுமலையின் பெயரை இரண்டாவதாகவும் போட்டிருந்தார். அதை நான் தமிழில் மொழிபெயர்த்து எழுதி, அவருடையதோடு சேர்த்து, சாதாரணத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்பத்தூர் தையல் கம்பெனிப் பெண்ணின் கையெழுத்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. ஏரியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, கத்திரி இந்த வருஷம் பூச்சி இல்லாமல் வந்திருக்கிறது என்று இரண்டு வரி. அதற்குக் கீழே:

'கடுதாசி வந்தது. அவர் மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் ஒரு தடவை கேட்டேன். போதும்.'

அதை எடுத்துக்கொண்டு போய் ஜெனரலுக்கு மொழிபெயர்த்தேன். கடைசிச் சொல்லில் என்னை நிறுத்தினார். ஆங்கிலத்தில் அதை நான் சொன்ன விதம் அவருக்குத் திருப்தியாக இல்லை.

"மனம் நிறைந்துவிட்டது என்கிறாரா? இல்லை, இத்தோடு நிறுத்திக்கொள் என்கிறாரா?"

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பேசிய மொழி, இத்தனை சின்னச் சொல்.

"எங்கள் மொழியில் இரண்டுக்கும் அதே சொல்தான் சார்" என்றேன்.

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.